பங்கு மார்க்கெட்டும் ஜனங்களின் உற்சாகமும்

ஒரு கம்பெனியின் பங்கு ஒரே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு விலையேறுகிறது. உச்சியைத் தொட்டதற்கு மறுநாளே அவ்விலையில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்து போகிறது. அந்த மாதத்தில் அக்கம்பெனி புதிதாக ஒரு சாமானைக் கண்டுபிடித்ததுமில்லை. பழைய சாமானை இழந்ததுமில்லை. அப்படியானால் ஏறியது எது, இறங்கியது எது? கானடா தேசத்து பிளாக்பெரி கம்பெனியின் விஷயத்தில் இது 2021-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் உலகமறிய நடந்தது. 2020 டிசம்பர் முடிவில் நியூயார்க் மார்க்கெட்டில் 6 டாலர் 63 செண்டுக்கு விற்ற பங்கு, ஜனவரி 27-ந் தேதி மாலை 25 டாலர் 10 செண்டில் நின்றது. மறுநாள் மாலை 15 டாலர்கூட இல்லை. 2022 முடிவில் 4 டாலருக்கும் கீழே கிடந்தது.

இது பழைய சமாசாரந்தானே, இப்பொழுது இதைப் பிரஸ்தாபிப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். அன்று அமெரிக்காவில் ஒரு வேடிக்கையாகத் தோன்றிய முறை, அதன் பின் நம் நாட்டிலும் குடிகொண்டுவிட்டது. சம்பளம் வாங்கும் வாலிபர்கள் காபி கிளப்பில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவதைவிடப் பங்குகளைப் பற்றிப் பேசுவது அதிகமாகிவிட்டது. ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி வருஷம் ஒன்றுக்கு இரண்டரை லக்ஷம் டாலர் வரை ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பலாமாதலால், அமெரிக்கப் பங்குகளையே நேராக வாங்குவோரும் நம்மிடையே உளர். ஆகவே அந்தக் கதையின் உள்விவரங்களை அறிவது அவசியமாகும்.

பிளாக்பெரியின் பெயர் நமக்குப் புதிதல்ல. 1984-ல் ஒண்டாரியோ மாகாணத்து வாட்டர்லூ நகரில் ‘ரிஸர்ச் இன் மோஷன்’ என்ற பெயரால் தொடங்கப்பட்ட இக்கம்பெனியின் கைப்போன் ஒரு காலத்தில் மந்திரிகள், வக்கீல்கள், கம்பெனி அதிகாரிகள் எல்லோருடைய கையிலும் இருந்தது. அதிலிருந்து போகும் கடிதங்களை இடையில் எவரும் படிக்க முடியாதென்பதே அதன் பெருமை. 2010-ல் இந்திய சர்க்கார், விசாரணை உத்தியோகஸ்தர்கள் படிப்பதற்கு வழி செய்யாவிட்டால் ஆகஸ்டு 31-ந் தேதிக்கு மேல் சேவையை நிறுத்திவிடுவோமென்று அக்கம்பெனிக்குக் கெடு வைத்ததை நேயர்கள் மறந்திரார். 2008-ல் அதன் பங்கு 140 டாலருக்கு மேல் விற்றது. பின்னர் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் வந்தன. பிளாக்பெரியின் மோகம் கலைந்தது. 2016-ல் சொந்தமாகப் போன் செய்வதையே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர்களுக்குக் காவல் செய்யும் தொழிலிலும், மோட்டார் வண்டிகளுக்குள் ஓடும் ‘க்யூஎன்எக்ஸ்’ என்ற மென்பொருளிலும் அது தன் எதிர்காலத்தைத் தேடிற்று. 2019-ல் ஸைலன்ஸ் என்ற காவல் கம்பெனியை 140 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கிற்று.

சைபர் பாதுகாப்பு என்று வழங்கும் இந்தக் கம்ப்யூட்டர் பந்தோபஸ்துத் தொழிலுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. துணி வாங்குகிறவன் துணியைத் தொட்டுப் பார்க்கலாம்; நெல் வாங்குகிறவன் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்க்கலாம். காவலை எப்படிப் பார்ப்பது? பத்து வருஷமாக வீட்டில் திருட்டு நடக்கவில்லையென்றால், அது காவற்காரனுடைய விழிப்பினாலா, திருடன் அந்தத் தெருப் பக்கம் வராததனாலா? காவல் பலித்தால் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாததை எவரும் பார்க்க முடியாது. பலிக்காத நாளில்தான் அதன் தரம் வெளிப்படும். பெரிய நிபுணர்களே தடுமாறும் இத்தகைய சரக்கைச் செய்யும் கம்பெனியின் பங்கை, மாலை வேளையில் கைப்போனைப் புரட்டும் ஒருவர் எதைக் கொண்டு மதிப்பிடுவார்? பிறர் பேசுவதைக் கொண்டுதான். அதனால் பருத்தி ஆலைப் பங்கிலோ சர்க்கரை ஆலைப் பங்கிலோ பேச்சுக்கு இல்லாத பலம், இத்தொழிலின் பங்குகளில் பேச்சுக்கு வந்துவிடுகிறது.

அன்றைய பேச்சுக்கு நல்ல எண்ணெயும் கிடைத்தது. 2020 டிசம்பரில், ஸோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பிய மென்பொருளுக்குள்ளேயே பகைவர் புகுந்து, அமெரிக்க சர்க்காரின் இலாகாக்கள் சிலவற்றை வேவு பார்த்த சங்கதி வெளியாயிற்று. பழுதான அந்த மென்பொருள் சுமார் 18,000 ஸ்தலங்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்று அக்கம்பெனியே ஒப்புக்கொண்டது. இனிக் கம்ப்யூட்டர் காவலுக்குக் கிராக்கி பெருகும் என்று எல்லோரும் எண்ணினர், எண்ணியது நியாயமே. அதே டிசம்பரில் மோட்டார் வண்டிகள் விஷயமாக அமேஸானுடன் பிளாக்பெரி ஓர் ஒப்பந்தம் செய்தது. ஜனவரியில் பேஸ்புக்குடன் நடந்த பேடண்ட் வழக்கு ராஜியாயிற்று. இவை உண்மையான செய்திகள். ஆனால் 7 டாலர் பங்கை 9 டாலராக்கும் செய்திகளா, 25 டாலராக்கும் செய்திகளா என்பதே கேள்வி. ஜனவரி 25-ந் தேதி கம்பெனியே, விலையேற்றத்துக்குக் காரணமாகத் தாங்கள் வெளியிடாத முக்கிய சங்கதி எதுவும் இல்லையென்று அறிக்கை விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் விலை மேலே போயிற்று. கடைக்காரனே “ஐயா, இதில் புதிதாக ஒன்றுமில்லை” என்று சொல்லியும், வாங்க வந்தவர்கள் கேட்கவில்லை.

அந்த வாரம் பிளாக்பெரி தனியாக ஏறவில்லை. கேம்ஸ்டாப் என்ற விளையாட்டுச் சாமான் கடையின் பங்கு சுமார் 19 டாலரிலிருந்து 347 டாலருக்குப் போனதே தலைமை வேடிக்கை. பங்கைக் கடனாக வாங்கி விற்றுவிட்டு, விலை விழுந்ததும் திருப்பி வாங்கிக் கொடுத்து லாபம் பார்க்கும் பெருந்தனக்காரர்களைச் சிறு முதல்காரர்கள் ஒன்று கூடி மடக்கிவிட்டார்கள் என்று அக்காலத்தில் பத்திரிகைகள் எழுதின. அமெரிக்க பங்கு வியாபாரக் கமிஷனின் அலுவலர்கள் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை வேறு விதமாகச் சொல்லுகிறது: கடன் விற்பனைக்காரர்கள் பதறித் திருப்பி வாங்கியது ஒரு பகுதியே, வாரக்கணக்காக அந்த விலையைத் தாங்கி நிறுத்தியது ஜனங்களின் உற்சாகமே. இந்தத் தீர்ப்பு சிறு முதல்காரர்களுக்கு ஆறுதல் தருவதல்ல. எதிராளியின் பணத்தால் ஏறிய விலையானால் அவனுடைய நஷ்டம் இவர்களுடைய லாபமாகியிருக்கும். தங்கள் உற்சாகத்தாலேயே ஏறியதென்றால், பிந்தி வந்தவர்களுடைய பணத்தையே முந்தி வந்தவர்கள் எடுத்துச் சென்றார்கள் என்றாகிறது.

இந்தக் கும்பலுக்கு வெளியே நின்றவர்கள் நிலைமையையும் பார்ப்போம். பிளாக்பெரியின் மிகப் பெரிய பங்குதாரர்களில் ஒருவர், ஹைதராபாத்தில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக் கானடா சென்ற பிரேம் வத்ஸா. அவருடைய பேர்பாக்ஸ் கம்பெனி 2020-ல் பிளாக்பெரிக்குக் கொடுத்த 33 கோடி டாலர் கடன் பத்திரங்களில், பங்கொன்றுக்கு 6 டாலர் வீதம் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருந்தது. விலை ஏறினால் பங்கு. ஏறாவிட்டால் வட்டியும் அசலும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அபாய காலத்தில் கடன் கொடுப்பவர் கேட்டுப் பெறும் நியாயமான நிபந்தனையே. ஆனால் 25 டாலர் கொடுத்து வாங்கிய குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. அந்தப் பத்திரம் பற்றிய விவரம் கம்பெனியின் அறிக்கைகளில் பகிரங்கமாகவே இருந்தது. எத்தனை பேர் படித்தார்கள்? கம்பெனியின் மேலதிகாரிகள் சிலர் அந்த ஜனவரி மாதத்தில் தங்கள் பங்குகளை விற்றதும் சட்டப்படி தாக்கலான குறிப்புகளில் கண்டது. உள்ளே இருப்பவர் விற்கும்போது வெளியே இருப்பவர் வாங்குவது எப்பொழுதும் தவறென்று நாம் சொல்லவில்லை. யார் விற்கிறார் என்று பார்க்காமல் வாங்குவது தவறு.

இன்னொரு விநோதம். பங்கு விலை ஏறியதால், 6 டாலருக்கு மாற்றத்தக்க அந்தப் பத்திரங்களின் மதிப்பும் ஏறிற்று. கணக்கு விதிப்படி அது கம்பெனியின் பொறுப்பில் கூடுதலாக எழுதப்பட வேண்டும். ஆகவே ஜனங்களின் உற்சாகம் கம்பெனியின் கணக்கில் நஷ்டமாகப் பதிவாயிற்று! 2021 பிப்ரவரியோடு முடிந்த வருஷத்தில் பிளாக்பெரியின் வரவு சுமார் 89 கோடி டாலர். நஷ்டம் 110 கோடி டாலர். ரொக்கமாகப் போன நஷ்டமல்ல. பெரும் பகுதி சொத்துக்களின் மதிப்பைக் குறைத்து எழுதியதாலும், மேலே சொன்ன பத்திரக் கணக்காலும் வந்தது. ஆயினும் 25 டாலருக்கு வாங்கியவர் இக்கணக்கைப் பார்த்தபோது அவர் மனம் எப்படியிருந்திருக்கும்!

ஜனவரி 28-ந் தேதி நடந்ததைக் கண்டிக்காமல் விட முடியாது. ராபின்ஹூட் முதலிய தரகர்கள் கேம்ஸ்டாப், பிளாக்பெரி முதலான பங்குகளை வாடிக்கைக்காரர்கள் வாங்கக் கூடாது, விற்கலாம் என்று கதவை ஒரு பக்கம் மாத்திரம் அடைத்தார்கள். வாங்குவாரில்லாத சந்தையில் விலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து வைக்கும் ஸ்தாபனம் விடியற்காலையில் சுமார் 300 கோடி டாலர் ஜாமீன் கேட்டதென்றும், அத்தனை பணம் உடனே கைவசம் இல்லையென்றும் ராபின்ஹூட் தலைவர் அமெரிக்கக் காங்கிரஸில் சாக்ஷியம் சொன்னார். அது உண்மையாயிருக்கலாம். ஆனால் தரகுக் கூலி இல்லாமல் இனாமாக வியாபாரம் செய்யலாமென்று லக்ஷக்கணக்கானவரை அழைத்து வந்தவர், அவர்கள் வந்து சேர்ந்த அன்றைக்கு வேண்டிய முதலை வைத்திருக்க வேண்டாமா? அந்த இனாமும் உண்மையில் இனாமல்ல. வாடிக்கைக்காரரின் ஆர்டர்களைப் பெரிய வியாபாரிகளுக்குத் தள்ளி அவர்களிடம் பணம் பெற்றதைத் தெளிவாகச் சொல்லாததற்காக, முந்திய டிசம்பரில்தான் அதே தரகர் கமிஷனுக்கு 6½ கோடி டாலர் கட்டியிருந்தார்.

பெருந்தனக்காரரை எதிர்த்து எழுந்த சிறியவர்களிடம் நமக்கு அநுதாபம் உண்டு. அவர்களுடைய பேச்சில் ‘ஒற்றுமை’, ‘விட்டுக் கொடாதே’, ‘கடைசி வரை பிடித்துக்கொள்’ என்ற சொற்கள் மிகுந்திருந்தன. இச்சொற்களின் அருமையை அரசியல் தொண்டர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கேதான் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் இயக்கத்தில் பிந்தி வந்து சேருகிறவன் முந்தி வந்தவனுக்குப் பலம் தருகிறான். தானும் பலம் பெறுகிறான். பங்கு விலையேற்றத்தில் பிந்தி வருகிறவன் முந்தி வந்தவன் வெளியேறுவதற்குக் கதவாக இருக்கிறான். சத்தியாக்கிரகத்தில் எல்லோரும் கடைசி வரை நின்றால் எல்லோரும் ஜயிக்கலாம். 25 டாலர் பங்கில் எல்லோரும் கடைசி வரை நின்றால், எவருக்கும் லாபம் கையில் வராது. ஒருவன் விற்றாலொழிய அவனுக்கு லாபமில்லை, அவன் விற்றால் ஒற்றுமையில்லை.

உணர்ச்சிவசப்பட்டுப் பங்கு வாங்குவதே பிசகு என்று இதனால் யாரும் எண்ணிவிட வேண்டாம். 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்குகளை விற்றபோது வாங்கியவர்கள் வட்டி விகிதத்தை மாத்திரம் பார்த்து வாங்கவில்லை. ஆனால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போயிற்று, கப்பலாக மாறிற்று. பிளாக்பெரி பங்கை ஜனவரி 27-ல் வாங்கியவருடைய பணம் பிளாக்பெரிக்குப் போகவில்லை. அன்று விற்றவருடைய பைக்குப் போயிற்று. கம்பெனிக்கு உதவி செய்ததாக நினைத்தவர்கள் முன்பின் தெரியாத ஒருவனுக்கு உதவி செய்தார்கள்.

பின்னால் நடந்தது சுருக்கம். 2021 ஆகஸ்டு 17-ல், க்யூஎன்எக்ஸின் பழைய பதிப்புகளில் பகைவர் நுழையத்தக்க ஓட்டையொன்று இருப்பதாகப் பிளாக்பெரியும் அமெரிக்க சர்க்கார் இலாகாவும் எச்சரிக்கை வெளியிட்டன. காவல் விற்பவன் வீட்டிலும் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கலாமென்று அப்பொழுது தெரிந்தது. 140 கோடிக்கு வாங்கிய ஸைலன்ஸை 2024 டிசம்பரில் 16 கோடி டாலரும் வாங்குகிறவருடைய கம்பெனியில் கொஞ்சம் பங்கும் பெற்றுக்கொண்டு விற்க ஒப்புக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் விற்பனை முடிந்தது. க்யூஎன்எக்ஸோ செழித்தது. 25 கோடி வாகனங்களுக்கு மேல் அது ஓடுவதாக 2024-ல் கம்பெனி கூறிற்று. அந்த மென்பொருளைப் பற்றி உற்சாகமாகப் பேசியவர்கள் முற்றிலும் ஏமாந்தவர்களல்லர். ‘கம்பெனி நல்லது’ என்பதில் அவர்கள் பாதி சரி. ‘இந்த விலை நல்லது’ என்பதிலேதான் தவறினார்கள்.

மார்க்கெட்டின் மனோபாவம் மறுபக்கத்திலும் தவறும். கிரௌட்ஸ்டிரைக் என்ற காவல் கம்பெனி 2024 ஜூலை 19-ல் அனுப்பிய ஒரு பிழையான திருத்தத்தால் சுமார் 85 லக்ஷம் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் முடங்கின; நம் விமான நிலையங்களிலும் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் அதன் பங்கு மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. கதை முடிந்ததென்று பயந்து விற்றவர்கள், 2025 ஆரம்பத்தில் அது பழைய விலையைத் தாண்டியதைக் கண்டார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாயிருந்த டீமாட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. ஜனங்கள் தங்கத்தில் முடக்கும் பணத்தைத் தொழிலில் போடுவது தேசத்துக்கு நல்லதே. ஆனால் பங்கை வாங்கி வைக்காமல் அதன் விலை மேல் பந்தயம் வைக்கும் ‘ப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்’ வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையுள்ள மூன்று கணக்கு வருஷங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிமனிதர்கள் ஈடுபட்டதாகவும், அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்ததாகவும், மொத்த நஷ்டம் 1 லக்ஷத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேலென்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. ஒருவர்க்குச் சராசரி இரண்டு லக்ஷம். பத்துப் பேரில் ஒன்பது பேர் இழக்கிறார்கள் என்ற எச்சரிக்கையைத் தரகர்கள் தங்கள் திரையில் காட்ட வேண்டுமென்று 2023-லேயே உத்தரவாகியிருந்தது. அந்த எச்சரிக்கையைத் தினமும் பார்த்துக்கொண்டே ஜனங்கள் உள்ளே போனார்கள். ஒவ்வொருவரும் தம்மைப் பத்தாவது ஆள் என்று நினைத்தார்கள் போலும்!

சட்டத்தின் நிலைமை என்ன? பொய் சொல்லி விலையேற்றுகிறவன் அகப்பட்டால் சட்டம் இருக்கிறது. சாத்னா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியைப் பெரிய வியாபாரக் குடும்பமொன்று வாங்கப்போவதாக யூட்யூபில் பொய்ப் பிரசாரம் செய்து, விலை ஏறியதும் விற்று வெளியேறினார்கள் என்று 2023 மார்ச்சில் செபி தடையுத்தரவு போட்டது. முதல்காரருக்குப் போதிப்பதாகச் சொல்லிக்கொள்வோர் மூன்று மாதத்துக்குட்பட்ட விலைகளை உதாரணமாகக் காட்டக் கூடாதென்று 2025 ஜனவரியில் தடுத்தது. இவை சரியான நடவடிக்கைகள். ஆனால் பிளாக்பெரி விஷயத்தில் பொய் சொன்னவன் யார்? ஆயிரம் பேர் தாங்கள் உண்மையென நம்பியதைச் சொன்னார்கள். பிராஸ்பெக்டஸில் பொய்யிருந்தால் டைரக்டரைக் கூண்டிலேற்றலாம். ஊர்ப் பேச்சை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? பேச்சைத் தடுக்க வேண்டுமென்று சொல்லுகிறவர்களோடு நாம் ஒருபோதும் சேரமாட்டோம். அந்த அதிகாரத்தைச் சர்க்கார் கையில் கொடுத்தால் அது பங்குப் பேச்சோடு நிற்காது.

செய்யக்கூடியது வேறு. ஒரு பங்கைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசுகிறவர் எத்தனை பங்கு வைத்திருக்கிறார், எப்பொழுது வாங்கினார் என்று பேச்சின் தலைப்பிலேயே சொல்லட்டும். டைரக்டர்களும் அதிகாரிகளும் விற்றால் அது எங்கோ ஒரு தஸ்தாவேஜில் கிடவாமல், அன்று மாலையே, அந்தப் பங்கை வாங்கப் போகிறவனுடைய கைப்போனில் விலைக்கு அருகிலேயே தமிழிலும் தெரியட்டும். குறைந்த விலையில் பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரம் இருந்தால் அதுவும் அவ்வாறே. தரகர் கதவடைப்பதானால் இரு பக்கமும் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் அடைக்க அவருக்கு அதிகாரம் கூடாது. பிற நாடுகளின் அனுபவத்தைக் காசு கொடாமல் பெற்றிருக்கும் செபி, இங்கே ஒரு ஜனவரி 28 வருவதற்கு முன்பே இந்த விதிகளை நகலாக வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். பார்லிமெண்டிலுள்ள நம் மாகாணப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேள்வியாக எழுப்புவார்களா?